இருபத்தைந்து அடி

தரையில் இரண்டு நீல டேப் துண்டுகள்.
இடையே இருபத்தைந்து அடி என்கிறார் எபனேசர்.
கழுத்தில் நிறுத்துக் கடிகாரம்.
"விழாம, எவ்ளோ வேகமா முடியுமோ
அவ்ளோ வேகமா நடங்க மேடம்."

பத்தொன்பது வருடம் அளந்தவள் நான்.
குடியாத்தம் வட்டத்துச் சர்வேயர்.
சின்னராசு சங்கிலியின் மறுமுனையை இழுத்துப் பிடிக்க
வரப்பின் மேல், வேலிக்காத்தான் முள்ளின் மேல்,
கவுண்டன்யா ஆற்று மணலில்
நடந்து நடந்து
ஊரின் மூலை முடுக்குக்கெல்லாம் எண் போட்டேன்.
அப்போது என் காலுக்கு எண் இல்லை.

முதலில் வலது செருப்பு கழன்றது.
கழன்றதே தெரியவில்லை.
கொதிக்கும் மண்ணில் நாலு எட்டு போன பிறகு
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சின்னராசு கேட்டார்:
"சுடலையா மேடம்?"

வெயில் என்றார்கள். சர்க்கரை என்றார்கள்.
பிறகு அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து எடுத்த படத்தில்
மூளை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.
யாரோ நோட்டீஸ் கொடுக்காமல்
உள்ளே வந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த நோய்க்கொரு அளவுகோல்.
சைபர் என்றால் குறையே இல்லை.
பத்து என்றால் ஆளே இல்லை.
இடையில் அரை அரையாய் ஏறும்;
ஏறும் ஒவ்வொரு அரைக்கும் ஒரு தெரு போகும்.
நாலரை: எதையும் ஊன்றாமல் முந்நூறு மீட்டர்.
போன வருடம் என்னிடம் அது இருந்தது,
கோட்டை அகழியின் ஒரு பக்கத்து நீளம்.
ஆறு: கோல் ஊன்றி நூறு.
ராத்திரி கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும்
எத்தனை என்று
அதில் போடவில்லை.

காலையில் ஆட்டோவில் கோதண்டபாணி,
என் முகத்தைப் பார்க்காமல்:
"கொஞ்சம் மெதுவாத்தான் நடயேன்.
நாப்பது சதவீதம் வந்தா சர்ட்டிபிகேட்.
ஆபீஸ்லயே உக்கார வெச்சிடுவாங்க."

பேரணாம்பட்டு ரோட்டில் ஒருவர்
கல்லை ஒரு லிங்க் தள்ளிப் போடச் சொல்லி
ஒரு கூடை பங்கனப்பள்ளியோடு வந்தார்.
கூடையைத் திருப்பி அனுப்பினேன்.
(நாலு பழம் குறைந்தது; அது சின்னராசு.)
இப்போது நானே நிலம், நானே கல்,
கூடையோடு நிற்பவளும் நான்தான்.

மெதுவாய் நடக்கத்தான் நினைத்தேன்.
கடிகாரம் 'டிக்' என்றதும்
இந்த வெட்கங்கெட்ட உடம்புக்குப் பழைய ஆசை.
வலது கட்டைவிரல் டைல்ஸை உரசிக் கோடு கிழிக்க,
சுவரைத் தொடாமல்,
சுவரைத் தொடப்போகும் கையை இடுப்பில் அழுத்திக்கொண்டு
போய்ச் சேர்ந்தேன்.

"ஒம்போது புள்ளி நாலு! சூப்பர் மேடம்,
போன தடவைக்கு முக்கால் நொடி கம்மி."
கோதண்டபாணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"எபனேசர், இது இருபத்தஞ்சு அடி இல்லப்பா."

சிரித்தார். பிறகு அளவு நாடா எடுத்துவந்தார்.
ஒரு முனையை நான் பிடித்தேன்.
மூன்று வருடம் கழித்து ஒரு முனையில் நான்.
இருபத்துநாலு அடி, மூன்று அங்குலம்.
தரை துடைக்கிறவர்கள் பிய்த்து ஒட்டியிருக்க வேண்டும்.
எந்த மாதத்திலிருந்தோ.
எத்தனை பேர் இந்த ஒன்பது அங்குலத்தில்
கொஞ்சம் தேறிவிட்டதாய் வீட்டுக்குப் போனார்களோ.

டேப்பைச் சரியாய் ஒட்டினோம்.
"மறுபடி நடக்கணுமே மேடம்," குரல் இறங்கியிருந்தது.
நடந்தேன்.
இந்த முறை ஆசைப்பட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை;
கால் களியாய்க் குழைந்தது.
பதினொன்று புள்ளி எட்டு.

பேனாவை மூடி மூடித் திறந்தார்.
"எதை எழுதறது?"

"ரெண்டையும் எழுது.
இது ஏசி. வெளிய மே மாசம்.
பாகாயம் பஸ் நிக்கிற இடம் வரைக்கும்
இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.
கடிகாரத்தை எடுத்துக்கிட்டு வர்றியா?"